மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ்

மூன்று புது கீபோர்டுகளை அட்டைப்பெட்டியோடு ஒரு பையில் போட்டேன். நாலாவதைப் பழைய துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அக்கா வீட்டு அழைப்பு மணியை அடித்தேன்.

அக்கா மகளுக்கு அந்த வாரம் பதினாலு வயது முடிகிறது. மெக்கானிக்கல் கீபோர்டு வேண்டுமாம். கேம் ஆடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அடியில் விளக்கெரியும், அந்த வகை. எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனதற்குக் காரணம் துண்டில் இருந்தது.

கதவைத் திறந்தவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். "அம்மா, லேட்டு மாமா வந்தாச்சு!"

பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள், பதினோரு மணிக்கு வந்திருந்தேன். அந்தப் பெயருக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் எனக்கு அதுதான் பெயர். சான்றிதழில் வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பதினைந்து. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஆறு மெஷின், பன்னிரண்டு பிள்ளைகள். அதனால் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் என்பது சாரின் சட்டம். பாடம் முடிந்ததும் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் விளையாட விடுவார். விளையாட்டிலும் அதே சட்டம். ஒரு டாங்க், ஒரு கீபோர்டு, இரண்டு பேர். ஒருவர் அம்புக் கீகளில் டாங்கை ஓட்ட வேண்டும், மேல் அம்பு முன்னே ஓட்டும், பக்க அம்பு திருப்பும், மற்றவர் ஸ்பேஸைத் தட்டிச் சுட வேண்டும். அக்கா ஓட்டினாள். நான் சுட்டேன். ஜன்னலோரம் இருந்த நாலாம் நம்பர் மெஷின் எங்களுடையது.

அந்த அறை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்கெல்லாம் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார் சார். உறையை எடுத்து மடித்து வைப்பதற்கே ஐந்து நிமிஷம் ஆகும், அது எங்கள் ஒரு மணி நேரத்தில்தான் கழியும். பெஞ்சு குட்டை. அக்காவின் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். சூடேறின பிளாஸ்டிக் வாசனை, கீழே மருந்துக் கடையிலிருந்து வரும் டிங்க்சர் வாசனை. டாங்க் வெடித்தால் மெஷினுக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் தும்மின மாதிரி ஒரு சத்தம் போடும். எங்கள் டாங்க் மூன்று மாதம் வெடிக்கவே இல்லை. மற்ற ஐந்து மெஷின்காரர்களும் எங்கள் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். "சின்னவன் குறி தப்பாதுப்பா" என்பார்கள். வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஜனங்கள் கூட்டமாக நின்றது அந்த மூன்று மாதம்தான்.

சார் ஒரு போட்டி வைத்தார். ஜெயித்தவர்களுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர். அப்பா, அம்மா எல்லோரும் வந்து சுவரோரம் நின்றார்கள். கடைசிச் சுற்று, கடைசிச் சந்து. அக்கா இடது பக்கம் திருப்பினாள், எதிரே எதிரி டாங்க். ஸ்பேஸைத் தட்டினேன். குண்டு போகவில்லை. மறுபடி தட்டினேன். அதற்குள் ஸ்பீக்கர் தும்மிவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சார்.

"லேட்டா அழுத்திட்டான் சார்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே நான் லேட்டு ஆகிவிட்டேன்.

ஆறுதல் பரிசென்று சார் நாலாம் நம்பர் மெஷினின் கீபோர்டையே கழற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் ஒரு கீபோர்டு. "வண்டி இல்லாம ஹாரனை மட்டும் வாங்கிட்டு வந்திருக்குங்க" என்றாள் அம்மா. அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தச் சந்துகளை வரைந்து சுவரில் சாய்த்து வைப்பாள். தரையில் கீபோர்டை வைத்து இருவரும் ஆடுவோம். அவள் அம்புக் கீகளை அழுத்தி, "இப்ப இடது பக்கம் போறோம்" என்பாள். நான் ஸ்பேஸைத் தட்டி வாயாலேயே வெடிப்பேன். காலண்டர் தாளில் நான் ஒருமுறைகூட லேட்டாகவில்லை.

பெயர் விளையாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டபோது அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "அன்னிக்கே பார்த்தேனே, சரியான நேரத்துக்கு இவன் கை வேலை செய்யாது." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. விட்டதற்கு வேறு காரணங்கள் இருந்தன. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது ஒரு குளிர்சாதனக் கிடங்கில் இரவு வேலை. மணிக்கொரு தரம் ஏழு அறைகளின் குளிர் அளவைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பதினொரு வருஷத்தில் ஒரு மணிகூடப் பிந்தியதில்லை. அதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

காலை எட்டுக்கு வேலை முடிந்ததும் வழியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்காருவேன். கடைக்காரர் புதிதாக வரும் கீபோர்டுகளை என்னிடம் கொடுப்பார். தட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பேன், அதை அவர் கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைப்பார். போன வாரம் மூன்று வந்தன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, கீக்கு அடியில் இருக்கிற ஸ்விட்ச் மட்டும் வேறு. நீலம், சிவப்பு, பழுப்பு. நீலம் ஒவ்வொரு தட்டுக்கும் பந்துமுனைப் பேனாவை அமுக்கின மாதிரி சத்தம் போடும். சிவப்பு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், விரலை வைத்தாலே போதும். பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு, பட்டுவிட்டது என்று விரலுக்கு மட்டும் சொல்லும்.

"பக்கத்துல ஒரு பழைய ரப்பர் கீபோர்டையும் வச்சு எழுதுங்க" என்றார் கடைக்காரர். "அப்பதான் ஜனங்களுக்கு வித்தியாசம் புரியும். நல்லதை மட்டும் காட்டினா எவன் நம்புறான்?"

என்னிடம் இருந்த ஒரே ரப்பர் கீபோர்டு அந்த நாலாம் நம்பர் மெஷினுடையதுதான். நாலு வீடு மாறியும் கூடவே வந்தது. பாசமெல்லாம் இல்லை, எறியத் தோன்றவில்லை. மறுநாள் கொண்டுபோனேன். அதன் வட்டமான பழைய பின்னைப் புது கம்ப்யூட்டரில் செருகக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு மாற்றியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார்.

சோதனை எளிது. திரையில் ஒரு கீபோர்டின் படம் வரும். அழுத்தின கீயெல்லாம் பச்சையாகும். ஒரே சமயத்தில் எத்தனை கீகளை அழுத்தினாலும் அத்தனையும் பச்சையாக வேண்டும். புது கீபோர்டுகள் மூன்றிலும் பத்து விரலையும் ஊன்றினேன். பத்தும் பச்சை. ரப்பர் கீபோர்டில் அப்படி வராது. உள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். குறிப்பிட்ட மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் அதற்குக் குழம்பிவிடும், மூன்றாவதை விழுங்கிவிடும். இதை நான் எத்தனையோ ஒப்பீடுகளில் எழுதியிருக்கிறேன். எழுதி எழுதிக் கை ஓய்ந்த விஷயம்.

விளையாட்டில் அதிகம் தேவைப்படுகிற மூன்று கீகள் எவையோ அவற்றையே வைத்தேன். மேல் அம்பு. இடது அம்பு. ஸ்பேஸ்.

இரண்டு பச்சை. ஸ்பேஸ் வெறுமையாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டு பச்சை. வலது அம்பை வைத்துப் பார்த்தேன், மூன்றும் பச்சை. திரும்ப இடது அம்பு. ஸ்பேஸை மெல்ல அழுத்தினேன், ஓங்கி அழுத்தினேன், குத்தினேன்.

"என்ன சார், கீபோர்டு உங்களோடதுதான், மேஜை என்னோடது" என்றார் கடைக்காரர்.

"ஸ்பேஸ் விழ மாட்டேங்குது."

"பழசு சார். மூணு அழுத்தினா ரெண்டு எடுக்கும். நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே, அதோ." அலமாரியைக் காட்டினார். என் கையெழுத்துதான்.

எனக்குத் தெரிந்த விஷயம், ஊருக்கெல்லாம் சொன்ன விஷயம். ஆனால் என் விஷயத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. நான் லேட் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்தக் கீபோர்டைத்தான் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். நான் அழுத்தினேன் என்று அக்கா தன் வாயால் சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

முதலில் வந்த வேலை. அக்கா மகளின் மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். அவள் நீலத்தில் கையை வைத்ததும் அறை முழுக்கப் படபடத்தது.

"தகரக் கூரையில கல்லு விழுற மாதிரி இருக்கு" என்று கூடத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். அக்கா வீட்டுக்காரர். காலையிலிருந்து ஒரே செய்தித்தாளை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதுதான் சூப்பர். அழுத்தினா அழுத்தினேன்னு சொல்லுது."

"அது சொல்றது தெருவுக்கே கேக்குது. இது வேணாம்" என்றாள் அக்கா. "நீ என்னடா சொல்றே?"

"டாங்க், கார் இதெல்லாம் ஆடுறதுன்னா சிவப்பு. விரல் வேகமாப் போகும். டைப்பும் அடிக்கணும்னா பழுப்பு. நீலம் அவ ஆசைப்படுறதுக்கு."

"நீயே லேட்டு, வேகத்தைப் பத்திப் பேசறே பாரு" என்றார் மாமா. வழக்கமான சிரிப்பு. அவர் கெட்டவரில்லை. கல்யாணத்தன்றே இந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினார்கள்.

துண்டை அவிழ்த்தேன்.

அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. கீபோர்டைத் திருப்பினாள். அடியில் நகப்பூச்சில் எழுதின '4' இன்னும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இதை இன்னுமா வச்சிருக்கே?"

"உக்காரு. ஒண்ணு காட்டணும்."

மாற்றியைச் செருகி, அதே சோதனையைத் திரையில் கொண்டுவந்தேன். அக்கா மகள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மேல் அம்பு பச்சை. இடது அம்பு பச்சை. ஸ்பேஸை அழுத்திப் பிடித்தேன். பச்சையாகவில்லை.

"பாத்தியா? அழுத்தியிருக்கேன். அது எடுக்கலை. அன்னிக்கும் நான் அழுத்தினேன்க்கா. ரெண்டு தடவை அழுத்தினேன்."

ஆச்சரியப்படுவாள் என்று நினைத்திருந்தேன். ஐயோ என்பாள், கையைப் பிடிப்பாள் என்றுகூட. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை.

"இடது பக்கம் மட்டும்தான்" என்றாள். "வலது பக்கம் திரும்பறப்ப சுடும்."

நான் வலது பக்கத்தை இன்னும் காட்டவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் வாரமே தெரியும்."

"முதல் வாரமேன்னா? அப்புறம் மூணு மாசம் எப்படி ஜெயிச்சோம்?"

அக்கா பழைய கீபோர்டின் அம்புக் கீகளின் மேல் மூன்று விரல்களை வைத்தாள். அந்த விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. "நீ சுடப்போறப்ப நான் மேல் அம்புலேருந்து விரலை எடுத்துடுவேன். ஒரு நொடிதான். குண்டு போனதும் திரும்ப வச்சிடுவேன்."

"நான் எப்பச் சுடுவேன்னு உனக்கெப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே."

"மூச்சை இழுப்பே. தோள் மேல ஏறும். அப்புறம்தான் தட்டுவே."

அக்கா மகள் என் தோளைப் பார்த்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ பயந்து பயந்து அழுத்துவே. எல்லாரும் குறி தப்பாது, குறி தப்பாதுன்னு சொல்லிட்டிருந்தாங்க. உன் மூஞ்சி அப்ப எப்படி இருக்கும் தெரியுமா?"

"சரி. அன்னிக்கு?"

"பின்னாடி ஒரு டாங்க் வந்துச்சு. நீ முன்னாடி பாத்துட்டிருந்தே, நான் பின்னாடியும் பாக்கணும். விரலை எடுத்தா நின்னுடுவோம், பின்னாடி இருக்கிறவன் அடிச்சிடுவான். எடுக்கலைன்னா நீ சுட முடியாது. எடுக்காமலே தாண்டிடலாம்னு பாத்தேன். முடியலை."

"லேட்டா அழுத்திட்டான்னு ஏன் சொன்னே?"

அக்கா கீபோர்டில் 'எஃப்' கீயின் ஓரத்தில் இருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினாள்.

"சார் என்னைத்தான் கேட்டாரு. அப்பா பின்னால நின்னாரு. அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வேணும்டா, அவ்வளவு வேணும். வாயில வந்துடுச்சு. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கன்னு நினைச்சேன். பேரா ஒட்டிக்கும்னு யாரு கண்டா?"

"காலேஜை விட்டப்ப அப்பா சொன்னாரே."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். சமையல்கட்டுல நின்னுட்டு." நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே வெளியே வந்து சொல்லியிருக்கணும். வரலை. இப்ப நீ இதைக் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் வரலை. திட்டணும்னா திட்டு."

திட்ட நினைத்தேன். கெட்ட வார்த்தைகூட ஒன்று தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்ப அந்த மூணு மாசமும் நான் சுடலையா?"

"சுட்டது நீதான்டா. நான் வழி விட்டேன்."

அது எனக்குப் போதவில்லை. நான் அழுத்தினேன் என்பது கிடைத்துவிட்டது, அதற்காகத்தான் வந்தேன். ஆனால் எனக்குப் பின்னால் கூட்டமாக நின்றவர்கள் பார்த்ததில் பாதி அவள் விரல் செய்த வேலை. அவர்களுக்கும் அது தெரியாது.

அக்கா எழுந்து கூடத்துக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, பேச்சு முழுக்கக் கேட்டது.

"இங்க பாருங்க. இனிமே அவனை லேட்டுன்னு கூப்பிடாதீங்க."

"ஏன், என்ன கோபம் மாப்ளைக்கு?"

"அவன் லேட்டில்லை. அன்னிக்குச் சரியாத்தான் அழுத்தினான். நான்தான் விரலை எடுக்கலை. எடுக்காம, பழியை அவன்மேல போட்டுட்டேன்." நின்றுகொண்டே, ஒரு வரிகூட விடாமல், முழுக்கச் சொன்னாள். தன் பக்கத்து நியாயம் எதையும் சேர்க்கவில்லை.

செய்தித்தாள் மடிக்கும் சத்தம். பிறகு மாமா அறை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், மேஜையில் இருந்த நாலு கீபோர்டுகளையும் பார்த்தார்.

"சரி. இனிமே எப்படிக் கூப்பிடுறது?"

என் சான்றிதழ்ப் பெயரை அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அக்கா மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது யாருப்பா?" என்றாள். எனக்கும் வேறு யாரோ போலத்தான் இருந்தது.

அவள்தான் அந்த டாங்க் விளையாட்டை நெட்டில் தேடிப் பிடித்தாள். யாரோ வேலையற்றவர் அப்படியே எடுத்து வைத்திருந்தார். அதே சாம்பல் நிறச் சந்துகள், அதே சதுர டாங்க், அதே தும்மல். சிவப்பு ஸ்விட்ச் கீபோர்டைச் செருகினாள். "ரெண்டு பேரும் ஆடுங்க. நான் பாக்கணும்."

ஒரு நாற்காலியும் ஒரு முக்காலியும். அக்கா வலது பக்கம், நான் இடது பக்கம். அவள் முழங்கை என் விலாவில் இடித்தது. முதல் சந்து, நேர்வழி, இரண்டு டாங்கை அடித்தோம். வலது திருப்பம், ஒன்று. மாமா வாசலில் சாய்ந்து நின்று பார்த்தார்.

இடது திருப்பம் வந்தது. சுட்டேன். குண்டு போனது, ஆனால் எங்கள் டாங்க் நின்றுவிட்டது. பின்னால் வந்தவன் அடித்துவிட்டான். ஸ்பீக்கர் தும்மியது.

"ஏம்மா நின்னே?" என்றாள் மகள். "விரலை எடுத்துட்டே. இதுலதான் எத்தனை கீயை அழுத்தினாலும் எடுக்குமே."

"எடுத்தேனா?"

மறுபடி ஆடினோம். மறுபடி அதே இடது திருப்பம், மறுபடி நின்றது. இந்த முறை நான் அவள் விரலைப் பார்த்தேன். அப்படியே மேலே எழுந்து, ஒரு நொடி காற்றில் நின்று, இறங்கியது.

"எடுக்காதேக்கா. தேவையில்லை."

"எனக்குத் தெரியுது. இந்த விரலுக்குத் தெரியணுமே."

ஐந்து முறை அந்தத் திருப்பத்தில் செத்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அழுத்திப் பார்த்தாள், விரல் வெளுத்தது, சமயத்தில் எழுந்துவிட்டது. கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. அதைவிட நல்லதை நான் அந்த வருஷம் தொட்டதில்லை.

ஆறாவது ஆட்டம். நேர்வழி. வலது திருப்பம். இடது திருப்பத்துக்கு முன்பே மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே இருந்தேன். தோளைக் கீழே பிடித்துக்கொண்டேன். எதிரி டாங்க் தெரிந்தது. மூச்சை இழுக்காமல் ஸ்பேஸைத் தொட்டேன். சிவப்பு ஸ்விட்ச், சத்தமே வராது.

குண்டு போனது. டாங்க் நிற்கவில்லை. அன்றைக்கு அதுவரை எட்டாத அடுத்த சந்துக்குள் எங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.

"டேய்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்படா அழுத்தினே?"